வெள்ளை மூடியில் ஒரு கடி

"மத்தியான நேரத்துல என் கதவைத் தட்டறவங்க ரெண்டே ரகம்," என்றாள் ஆணி, மேஜையிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "எதையாவது விக்க வந்தவங்க. இல்லேன்னா எதையாவது செஞ்சு தொலைச்சுட்டு வந்தவங்க. சாமான் எதையும் நீ கீழ வைக்கற சத்தம் கேக்கல. அப்போ என்னத்தைச் செஞ்சு தொலைச்ச?"

எதிரே உட்கார்ந்திருந்த வாலு பேனாவை இன்னும் அழுத்திக் கடித்தாள்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர் வைத்த காலத்தில் அவளை ஒரு இடத்தில் உட்காரவைக்க இரண்டு ஆள் வேண்டும். இப்போது பதினாறு வயது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, சீருடையோடு, இரும்பு நாற்காலியின் நுனியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாயில் பேனா. கடித்துக் கடித்து அதன் மூடி சப்பிப்போட்ட கரும்புச் சக்கைபோல ஆகியிருந்தது.

"பொண்ணு பேனாவைத் தின்னு முடிக்கட்டும் மேடம்," என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "வெறும் வயித்துல வாக்குமூலம் வராது."

அது ரேடியோ. ஆணியின் உதவியாளன். அணைக்கப் பட்டன் கிடையாது என்பதால் அந்தப் பெயர். ஒரு பழைய கம்ப்யூட்டரின் வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் நோண்டிக்கொண்டிருந்தான். ஆணிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். அடித்த இடத்தில் நிற்பாள்.

"உங்க முன்பல்லு..." என்றாள் வாலு.

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. ஆணி முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"என் முன்பல்லுக்கு என்ன?"

"அதைச் செஞ்சது எங்கப்பாதான். பல் லேப்ல மாஸ்டர். டாக்டருங்க வாய் அளவெடுத்து அனுப்புவாங்க, அப்பா பல்லு செஞ்சு குடுப்பார். உங்களோடது கழட்டி மாட்டுற பல்லு. சரியா உட்காரலைன்னு நீங்க ரெண்டு தடவை திருப்பி அனுப்பினீங்க. அப்பா வீட்ல உங்களைத் திட்டித் தீர்ப்பார்."

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"திட்டிட்டு, 'ஆனா அந்தம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது'ன்னும் சொல்வார். அதான் வந்தேன், ஆன்ட்டி."

"இன்னொரு தடவை ஆன்ட்டின்னா வெளிய போயிடுவ. அக்கான்னு சொல்லு, இல்லேன்னா ஒண்ணும் சொல்லாத." ஆணியின் கண்கள் சுருங்கின. "சரி. நீ ஒரு பதில் சொல்லு. என் பல்லு பொய்ப்பல்லுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. எங்கப்பாவோட லேப்புக்கு. வேற யாருக்கும் தெரியாது."

"எனக்கே இப்பத்தான் தெரியும்," என்றான் ரேடியோ. "வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் சிரிக்கறீங்க. அதுக்கு எதுக்கு மேடம் அவ்வளவு செலவு?"

"மூணு வாரமா ஒருத்தன் எனக்குப் போன் போடறான்," என்றாள் ஆணி, அவனைக் காதில் போட்டுக்கொள்ளாமல். "'மேடம், உங்க மேல்வரிசை முன்பல்லோட கியாரண்டி முடியப் போகுது, லிங்க் அனுப்பறோம், அழுத்தி கார்டு நம்பரைப் போடுங்க.' நான் லிங்கை அழுத்தல. அவன் கழுத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். இப்ப சொல்லு. உங்கப்பா லேப்ல என்ன நடக்குது?"

வாலு சொன்னாள். ஆரம்பிக்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஆரம்பித்த பிறகு, நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது.

நேற்று, திங்கட்கிழமை காலை, லேப்பிலிருந்த நாலு கம்ப்யூட்டர்களும் சிவப்பாகிவிட்டன. எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுவிட்டன, கேட்ட தொகையைக் கட்டாவிட்டால் செவ்வாய் மாலை நாலு மணிக்கு எல்லாம் அழியும், நோயாளிகளின் பெயர், போன் நம்பர், வாய்ப் படம் எல்லாம் இணையத்துக்கு வரும் என்று எழுத்து ஓடியது. கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. லேப் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் வந்தார். மெயின் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவ் சொருகியிருந்தது. அது மாஸ்டருடையது என்று முதலாளி சொன்னார். மாஸ்டர் வார இறுதியில் வீட்டுக்குக் கொண்டுபோகும் லேப் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், அதில் இலவசமாக இறக்கிய ஏதோ ஒரு குப்பை இருந்தது.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள அப்பா ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணுமாம். எல்லாம் என் தப்புன்னு. போட்டா வேலை மட்டும் போகும், போடலைன்னா போலீஸ்னு முதலாளி சொல்லிட்டார். பத்தொன்பது வருஷமா அங்க இருக்கார் அக்கா. கையெழுத்துப் போட்டுட்டா இந்தத் தொழில்ல வேற யாரும் அவரை உள்ள விடமாட்டாங்க."

"அந்தக் குப்பையை இறக்கினது உங்கப்பா இல்ல," என்றாள் ஆணி. கேள்வியாக அல்ல.

வாலு தலையைக் குனிந்தாள். "நான்தான். வீடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர். காசு குடுத்து வாங்கணும். இலவசம்னு ஒரு சைட்ல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை அப்பா தூங்கும்போது..."

"இலவசம்னு எவனாவது வாசல்ல நின்னா கதவைத் திறந்து பாயும் விரிச்சுப் போடுவியா? ஆன்ட்டிவைரஸ் கத்தியிருக்குமே?"

"கத்துச்சு. அதை ஆஃப் பண்ணினாத்தான் இன்ஸ்டால் ஆகும்னு போட்டிருந்தான்."

"ஆஹா!" ரேடியோ கையெடுத்துக் கும்பிட்டான். "திருடன் வர்றான், கொஞ்சம் நாயைக் கட்டிப் போடுங்கன்னு திருடனே சொல்றான். நாமளும் கட்டிப் போடறோம்."

"அதை வேற எதுலயாவது காப்பி பண்ணினியா?" என்றாள் ஆணி.

"ஃப்ரெண்டுக்குக் குடுக்கலாம்னு... அப்பா பையில இருந்த பென் டிரைவ்ல."

"உங்கப்பாகிட்ட எத்தனை பென் டிரைவ்?"

"ஒண்ணே ஒண்ணு. லேப்ல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். வெள்ளை, ரப்பர் மூடி. முதலாளி டப்பாவா வாங்கி வெச்சுட்டு ஆளுக்கு ஒண்ணு குடுப்பார்."

"திங்கக்கிழமை காலையில அது எங்க இருந்துச்சு?"

"என் ஸ்கூல் பையில. திருப்பி வைக்க மறந்து..."

வாலு நிறுத்தினாள். பேனா வாயிலிருந்து கீழே விழுந்தது.

"மெதுவா யோசி," என்றாள் ஆணி. "உங்கப்பாவோட பென் டிரைவ் உன் பையில, பள்ளிக்கூடத்துல இருந்திருக்கு. அப்போ மெயின் கம்ப்யூட்டர்ல சொருகியிருந்தது யாரோடது?"

இரவு முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பயம் செக்குமாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்கப்பா ஏன் 'அது என்னோடது இல்ல'ன்னு சொல்லல?"

"பையில தேடிப் பார்த்தார். இல்ல. சனிக்கிழமை தானே மெஷின்ல விட்டுட்டு வந்துட்டோம்னு நினைச்சுக்கிட்டார்."

"கொண்டா அந்தப் பென் டிரைவை."

வாலு கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் சொருகினாள்.

"எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன். காலையில. குப்பை வண்டியில."

ரேடியோவே வாயை மூடிக்கொண்டான். ஆணி எழுந்து வந்து, வாலுவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"உங்கப்பாவைக் காப்பாத்தற ஒரே சாட்சியை, உன் கையாலயே குப்பை வண்டியில ஏத்தி அனுப்பி வெச்சிருக்க. இந்த மோசடிக்காரங்களுக்கு ஆபீஸ் வேண்டாம், ஆள் வேண்டாம், பயந்த பிள்ளைங்க நாலு போதும். சம்பளமில்லாம வேலை பார்ப்பீங்க. அழாத! அழறதுன்னா கீழ டயர் கடையில போய் அழு, அங்க பஞ்சர் பார்க்கத் தண்ணி வேணும். உங்கப்பா உன்னை என்ன கேட்டார்?"

"எதுவும் கேக்கல," என்றாள் வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நேத்துலருந்து என்கூடப் பேசவே இல்ல. அம்மாகிட்ட சொல்றதைக் கேட்டுத்தான் இதெல்லாம் தெரியும்."

ஆணி வாய்க்குள் விரலை விட்டுத் தன் முன்பல்லைக் கழற்றினாள். ரேடியோவிடமிருந்து ஒரு குறடு வாங்கி, பல்லின் ஓரத்திலிருந்த மெல்லிய கம்பியை ஒரே திருகாகத் திருகினாள்.

"பல்லு உடைஞ்சு போச்சு," என்றாள், நடுவில் காற்று புஸ்ஸென்று வெளியேற. "ரிப்பேருக்குப் போறோம். கிளம்புங்க."

"இப்ப நீங்க முறைச்சாக்கூட சிரிக்கற மாதிரியே இருக்கு மேடம்," என்றான் ரேடியோ. பதிலுக்கு வந்த முறைப்பில் படியில் இரண்டு இரண்டாக இறங்கினான்.

மணி மூன்று ஐந்துக்கு லேப்பின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்கள்.

வாலுவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த அறை. நீளமான மேஜைகள். எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும், பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவுத் தூள். உருகின மெழுகின் வாசனை. சுவர் முழுக்க மரத் தட்டுகளில் நம்பர் போட்ட பெட்டிகள்; ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் வாய், வெள்ளை மாவு அச்சாக. மற்ற நாளில் ஏழெட்டுப் பேர் வேலை பார்ப்பார்கள். இன்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். நாலு திரைகளிலும் சிவப்பு. 00:54:37.

அப்பா மூலையில், தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாள், தாளின்மேல் ஒரு பேனா. வாலுவைப் பார்த்ததும் அவர் தாடை இறுகியது. பார்வையைத் திருப்பிக்கொண்டார். அது அடியை விட மோசமாக வலித்தது.

"இன்னைக்கு வேலை இல்லைங்க. போயிட்டு அடுத்த வாரம் வாங்க," என்றார் முதலாளி. மடிப்புக் கலையாத சட்டை, சீரான வெள்ளைப் பல் வரிசை, இடது கோரைப்பல் மட்டும் துளி வெளியே துருத்தி. எதிராளியின் கண்ணைப் பார்க்கும் முன் பல்லைப் பார்ப்பது மாஸ்டர் குடும்பத்துப் பழக்கம். வாலுவாலும் அதை விட முடியாது. சிஸ்டம்காரருக்கு முன்பற்களுக்கு நடுவே ஒரு பேனா நுழையும் இடைவெளி. ரேடியோவுக்குக் கீழ்வரிசை நெரிசலான பஸ் மாதிரி.

"இந்த வாயோட அடுத்த வாரம் வரைக்கும் இருக்கணுமா?" ஆணி உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆமா. இருங்க."

"முடியாது." ஆணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் பேர், நம்பர், என் பொக்கை வாய் போட்டோ எல்லாம் அந்தச் சிவப்புப் பொட்டிக்குள்ள இருக்கு. நாலு மணிக்கு ஊர் முழுக்கப் போகப் போகுதுன்னு எழுதியிருக்கு. போறதை இங்கயே உட்கார்ந்து பார்க்கறேன்."

முதலாளியின் பார்வை வாலு மீது விழுந்தது. "ஓ! மாஸ்டர் பொண்ணு ஆள் கூட்டிட்டு வந்திருக்காளா? யோவ் மாஸ்டர், வீட்ல இருந்தே படை கிளம்பிடுச்சா? கையெழுத்துப் போடுய்யா முதல்ல."

அப்பா பேனாவை எடுத்தார்.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க மாஸ்டர். போட்ட கையெழுத்தைப் பிடுங்க முடியாது, பல்லு மாதிரி இல்ல," என்ற ஆணி சிஸ்டம்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் இந்தக் கம்ப்யூட்டருக்கெல்லாம் டாக்டரா? நகல் எடுத்து வைக்கலையா?"

"எடுத்து வெச்சிருந்தேன். அதுவும் பூட்டிக்கிச்சு," என்றார் அவர் எரிச்சலாக. "உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்க. நகல் எங்க இருந்துச்சு?"

"ஹார்ட் டிஸ்க்ல. மெயின் கம்ப்யூட்டர்லயே மாட்டி..."

"நாள் பூரா மாட்டியே இருக்குமா?"

"திரும்பத் திரும்ப யார் மாட்டிக் கழட்டறது?"

ரேடியோ அருகிலிருந்த கீபோர்டைத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அடுத்ததைத் திருப்பினான். அதிலும் அதே காகிதம், அதே பாஸ்வேர்ட். "நாலு பொட்டிக்கும் ஒரே சாவி, அதுவும் வாசப்படியிலயே. இந்த லேப்பைக் கொள்ளையடிக்க வைரஸ் எதுக்கு சார்? கண்ணு தெரிஞ்சா போதுமே."

"மரியாதையா பேசு!" சிஸ்டம்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "வைரஸ் எப்படி வந்துச்சுன்னு நான் கையும் களவுமா பிடிச்சிருக்கேன்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து ஆட்டினார். உள்ளே வெள்ளைப் பென் டிரைவ், பக்கத்தில் அதன் ரப்பர் மூடி. "இதுதான் சொருகியிருந்துச்சு. மூடி மேஜை மேல கிடந்துச்சு. ரெண்டையும் எடுத்து அப்பவே ஒட்டிட்டேன்."

"அதுக்கப்புறம் யாராவது தொட்டாங்களா?"

"யாரும் தொடல. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு பாருங்க."

"அதுக்கு முன்னாடி?" ஆணி முதலாளியைப் பார்த்தாள். "நீங்க எப்பவாவது இதைக் கையில எடுத்தீங்களா?"

"எனக்கும் அந்தக் கருமத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் கம்ப்யூட்டரையே தொடமாட்டேன். மாஸ்டரோடது அது, மாஸ்டர்தான் தொட்டிருக்கான்."

"ரேடியோ, எழுதிக்கிட்டியா?"

"கம்ப்யூட்டரையே தொடமாட்டேன்," ரேடியோ தன் குட்டி நோட்டில் எழுதியபடி சொன்னான். "கருமம்ங்கறதையும் எழுதணுமா மேடம்?"

"எழுது. முழுசா இருக்கட்டும்." ஆணி கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்போதுதான் வாலு அதைப் பார்த்தாள்.

ரப்பர் மூடியில் பள்ளங்கள். வரிசையாக. யாரோ பல்லால் கவ்விப் பிடித்த தடம்.

எதையும் வாயில் வைக்காமல் அவளால் இருக்க முடியாது. பேனா, பென்சில், சட்டைப் பொத்தான், நகம். போன மாதம் அப்பாவின் லேப்டாப்பில் ஸ்கூல் வேலை செய்தபோது பென் டிரைவைக் கடித்தாளோ? ஒருவேளை அப்பாவிடம் இரண்டு இருந்ததா? குப்பை வண்டியில் போனது வேறா? இது அவளுடையதுதானா?

முதலாளியும் பார்த்துவிட்டார். அவர் கண் பள்ளங்களிலிருந்து வாலுவின் சட்டைப் பைக்குப் போனது. அங்கே அந்தச் சக்கைப் பேனா நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் பாருங்கய்யா கூத்தை!" முதலாளி அதை வெடுக்கென்று உருவி உயரத் தூக்கிக் காட்டினார். "எலி மாதிரி எதைக் கண்டாலும் கடிக்கிறா! அப்பன் வேலை செய்யற பென் டிரைவையும் கடிச்சு வெச்சிருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பொண்ணை வைரஸ் இறக்க விட்டு, அதைக் கொண்டுவந்து என் லேப்புல சொருகியிருக்கான். மாஸ்டர்! கையெழுத்துப் போடறியா, இல்ல இவளையும் சேர்த்து ஸ்டேஷனுக்கு அனுப்பவா?"

வாலு முதலாளிக்கும் அப்பாவுக்கும் நடுவே போய் நின்றாள். "நான்தான் சார்... அப்பா இல்ல, நான்தான்..."

"வாயை மூடு," என்றார் அப்பா.

நேற்றிலிருந்து அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து ஆணியின் கையிலிருந்து கவரை வாங்கினார். தன் மேஜை விளக்கைப் போட்டு, பல்லுக்கு நிறம் பார்க்கும்போது பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, மூடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கடிகாரம் 00:31:10 என்றது.

"இது என் பொண்ணு கடிச்சது இல்ல."

"பெத்தவன் அப்படித்தான் சொல்வான்," என்றார் முதலாளி.

"அவளுக்கு வலது முன்பல்லு ஓரத்துல உடைஞ்சிருக்கு. ஆறு வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தா. எதைக் கடிச்சாலும் அந்த ஓரத்துல பள்ளம் விழாது. எங்க வீட்ல கடிபடாத பேனா ஒண்ணுகூட இல்ல முதலாளி, எல்லாத்துலயும் அந்த இடம் மொட்டையா இருக்கும். இதுல ரெண்டு முன்பல்லும் முழுசா பதிஞ்சிருக்கு."

"சொன்னா பத்தாது மாஸ்டர்," என்றாள் ஆணி. "காட்டுங்க."

அப்பா இழுப்பறையிலிருந்து இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகளை எடுத்தார். வெந்நீரில் ஒன்றை முக்கி வாலுவிடம் நீட்டினார். அவள் கடித்தாள். எடுத்துப் பார்த்தால், வலது முன்பல்லின் ஓரம் மெழுகைத் தொடவேயில்லை.

"எனக்கும் ஒண்ணு," என்று ரேடியோ வாங்கிக் கடித்தான். "உப்பு கம்மி." அவனுடையது ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கோணல். சிஸ்டம்காரர், "என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று உறுமிக்கொண்டே பிடுங்கிக் கடித்துத் திருப்பிக் கொடுத்தார். நடுவில் அகலமான மேடு. ஆணி தானும் கடித்தாள்; முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் தடமே இல்லை.

ஐந்தாவது தகடு முதலாளிக்கு முன்னால் நீண்டது.

"நான் ஏன் கடிக்கணும்? நான் இந்த இடத்துக்கு முதலாளி!"

"முதலாளின்னா பல்லு கிடையாதா?" என்றாள் ஆணி.

"முடியாதுன்னா முடியாது. என்ன பண்ணுவீங்க?"

அப்பா தகட்டைக் கீழே வைத்தார். சுவர்ப் பக்கம் போனார். மூன்றாவது தட்டு, ஜன்னலிலிருந்து ஆறாவது பெட்டி. 214. தூசியை ஊதிவிட்டு ஒரு வெள்ளை மாவு அச்சை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க கடிக்க வேண்டாம் முதலாளி," என்றார் மெதுவாக. "போன வருஷம் உங்களுக்கு முன்வரிசையில நாலு பல்லு கட்டினேன். கோரைப்பல்லை உள்ள தள்ளட்டுமான்னு கேட்டேன். ராசியான பல்லு, அப்படியே இருக்கட்டும்னீங்க. எந்த அச்சையும் அஞ்சு வருஷத்துக்குத் தூக்கிப் போடக்கூடாதுங்கறதும் நீங்க போட்ட சட்டம்தான்."

கவரைப் பிரிக்காமல், வெளியிலிருந்தே மூடியை அச்சின் பல்வரிசைக்கு நேராக வைத்தார். நாலு பள்ளத்துக்கு நாலு பல். இடது ஓரத்தில் மட்டும் ஆழமாக இறங்கியிருந்த குழிக்கு நேராக, துருத்திக்கொண்டு நின்ற கோரைப்பல். பிளாஸ்டிக்கையும் மீறி, சின்னதாகப் பொருந்தி உட்கார்ந்தது.

"கம்ப்யூட்டருக்குப் பின்னாடி குனிஞ்சு சொருகும்போது ரெண்டு கையும் வேணும்," என்றாள் ஆணி. "மூடியைப் பல்லுல கவ்விக்கிட்டீங்க. வேற எந்தக் கடையில கவ்வியிருந்தாலும் தப்பிச்சிருப்பீங்க. பல்லைப் பார்த்தே ஆளைச் சொல்ற இடத்துல கவ்வினீங்க பாருங்க!"

"அது... அன்னைக்கு மாஸ்டர் கையிலருந்து வாங்கி..."

"ரேடியோ, படி."

"'எனக்கும் அந்தக் கருமத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் கம்ப்யூட்டரையே தொடமாட்டேன்.'" ரேடியோ நோட்டை மூடினான். "கருமத்தை எழுதினது நல்லதாப் போச்சு மேடம்."

முதலாளியின் முகத்திலிருந்து மெருகு கழன்றது. "என் லேப்புக்கு நானே ஏன்யா வைரஸ் விடறேன்? பைத்தியமா எனக்கு?"

ஆணி மாஸ்டரின் மேஜையிலிருந்த தாளை எடுத்தாள். "இதுல பதில் இருக்கு. நீங்களே டைப் அடிச்சது. 'கடந்த மூன்று வாரங்களாக நோயாளிகளுக்கு வரும் மோசடித் தொலைபேசி அழைப்புகளுக்கும் நானே பொறுப்பு.' வைரஸ் வந்தது நேத்து. நேத்து வந்த வைரஸ் மூணு வாரத்துக்கு முன்னாடி என் நம்பரை எப்படி எடுத்துக் குடுத்துச்சு?"

முதலாளி பிடுங்கக் கை நீட்டினார்; ஆணி தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்க லிஸ்டை நீங்க முன்னாடியே வித்துட்டீங்க. எவன் வாயில எத்தனை பொய்ப்பல்லு, அவன் நம்பர் என்னன்னு. மோசடிக்காரனுக்கு அது தங்கம். போன் வர ஆரம்பிச்சதும் ஜனங்க டாக்டர்கிட்ட சண்டைக்குப் போனாங்க, டாக்டருங்க உங்களைக் கேட்டாங்க. முகம் இல்லாத ஒரு திருடன் தேவைப்பட்டான். வைரஸ் வந்தான். முகம் உள்ள ஒரு ஏமாளி தேவைப்பட்டான். மாஸ்டர் இருந்தார். லேப்டாப்ல இந்தப் பொண்ணு இறக்கின குப்பையும் கிடைச்சது உங்க அதிர்ஷ்டம்."

"ஆதாரம்?" முதலாளி சீறினார். "ஒரு கடி! ஒரு மூடி! கோர்ட்டுல சிரிப்பாங்க!"

"வந்ததுலருந்து ஒண்ணு எண்ணிக்கிட்டிருக்கேன்," என்றாள் ஆணி. "அந்தக் கடிகாரத்தை நீங்க எத்தனை தடவை பார்த்தீங்கன்னு. ஒரு தடவைகூட இல்ல. சொந்த லேப் அழியப் போகுது, உங்களுக்குக் கவலை கையெழுத்து மேல. ஏன்னா திறக்கற சாவி உங்ககிட்ட இருக்கு. எங்க வெச்சோம்னு மட்டும் மறந்துடாதீங்க. மறந்தா நிஜமாவே எல்லாம் போயிடும்."

முதலாளியின் வலது கை, அவரைக் கேட்காமலேயே, பின் பாக்கெட்டிலிருந்த பர்ஸைத் தொட்டுப் பார்த்தது.

அறையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சிஸ்டம்காரர்தான் முதலில் அசைந்தார். கண்ணாடிக் கதவுக்குப் போய், முதுகை அதில் சாய்த்து நின்றுகொண்டார்.

"சார்," என்றார் கடுப்பாக, "நேத்துலருந்து தூங்காம இதை உடைக்கப் பார்த்துக்கிட்டிருக்கேன். பர்ஸை எடுங்க."

லைசென்ஸுக்குப் பின்னால் நாலாக மடித்த காகிதம் இருந்தது. அதிலிருந்த எழுத்துகளைச் சிஸ்டம்காரர் அடித்து முடித்தபோது கடிகாரம் 00:07:52-ல் உறைந்தது. சிவப்பு கழன்று விழுந்தது. திரை முழுக்க வரிசை வரிசையாகப் பற்கள் திரும்பி வந்தன. ரேடியோ வாசலுக்குப் போய் போலீசுக்குப் போன் போட்டான்.

அப்பா தான் கையெழுத்துப் போடாத அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு ஆணியின் பல்லை வாங்கி, திருகின கம்பியைச் சின்னக் குறட்டால் நேராக்க ஆரம்பித்தார். வாலு மேஜையின் மறுபக்கம் போய் நின்றாள்.

"நான்தான்பா இறக்கினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போடப் போனீங்க? ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவ. அப்புறம் ஸ்டேஷன்ல யாராவது என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்." அவர் தலை நிமிரவில்லை. "நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

சொல்லத் தெரிந்திருந்தால் வாலு குப்பை வண்டியின் பின்னால் ஓடியிருக்க மாட்டாள்.

"இந்தப் பல்லை நீங்க வேணும்னே திருகியிருக்கீங்க," என்றார் அப்பா ஆணியிடம், கோபமாக. "மூணாவது தடவை."

ஆணி வாயைத் திறந்தாள். அவர் உடனே பல்லை உள்ளே வைத்து அழுத்தினார். பாதியில் அவளால் பேச முடியவில்லை. அந்த அதிசயத்தைப் பார்க்க ரேடியோ போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தான்.

சிஸ்டம்காரர் ஒரு வெள்ளைத் தாளை வாலுவின் பக்கம் தள்ளினார். "போலீஸ் வர்றதுக்குள்ள நடந்ததை எழுதி வை. ஆன்ட்டிவைரஸை நிறுத்தினது, குப்பை வண்டி, எல்லாத்தையும். ஒண்ணையும் விடாத."

முதலாளி மேஜையில் போட்டுவிட்டிருந்த தன் பேனாவை அவள் எடுத்தாள். முதல் வரி எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அதை வாய்க்குக் கொண்டுபோனாள். மேஜைக்கு மேலாக, மாவு படிந்த ஒரு கை நீண்டது. அப்பா பேனாவைப் பிடுங்கிக் கொண்டார். அதிலிருந்த பள்ளங்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு, கையெழுத்துப் போட முதலாளி கொடுத்திருந்த புதுப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இதுல எழுது," என்றார். "கடிக்காம."